ஊசித் தேதி காத்திருக்காது: மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். அம்மா பால்மரம் வெட்டப் போகும்போது எங்களை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார். ஊசி நாளில் டிரேசர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர், அங்கேயே வந்துவிடுவார். எந்தப் பிள்ளைக்கு விட்டுப்போனது என்பது ஆயாவுக்கு மனப்பாடம்.

இப்போது ஒரு காப்பகத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். சென்ற ஆண்டு அங்கே ஒரு கைக்குழந்தை வந்தது. நீதிமன்ற உத்தரவோடு வந்த பிள்ளை. ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்கு நேரம். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். காப்பகம் ஓர் அலுவலகத்தைக் கேட்டது. அவர்கள் இன்னோர் இடத்தைக் கைகாட்டினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கையெழுத்துப் போடும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டாம் மாத ஊசித் தேதியும் தாண்டிவிட்டது.

இதே கேள்வி இங்கிலாந்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒரு வயது நிரம்பாத ஒரு குழந்தையின் வழக்கில், 2020 மே மாதம் நீதிபதி கிங் தீர்ப்பெழுதினார். பராமரிப்பு உத்தரவின்படி பிள்ளை உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பில் இருந்தால், பெற்றோர் மறுத்தாலும், வழக்கமான தடுப்பூசிக்கு அந்த மன்றமே சம்மதம் தரலாம். ஒவ்வொரு முறையும் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியதில்லை. பெற்றோரின் கருத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் அவர்கள் எவ்வளவு உறுதியாக மறுக்கிறார்கள் என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது, அந்த மறுப்பில் பிள்ளையின் நலனைத் தொடும் விஷயம் இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும். பெற்றோருக்கு நீதிமன்றக் கதவும் திறந்தே இருக்கிறது.

எனக்கு இது நியாயமாகப் படுகிறது. நம் 2001ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் மருத்துவப் பிரிவுகள் நோயும் காயமும் உள்ள பிள்ளைக்கான சிகிச்சையைப் பேசுகின்றன. உடனடி ஆபத்து என்று மருத்துவர் சான்று தந்தால் சமூகநலத் துறையின் பாதுகாவல் அதிகாரி முடிவெடுக்கலாம். தடுப்பூசியோ நல்லபடியாக இருக்கும் பிள்ளைக்குப் போடுவது. ஆபத்து வந்த பிறகு போட்டு என்ன பயன்? 2016இல் மலாக்காவிலும் கெடாவிலும் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோய்க்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். 27 ஆண்டுகளாக இல்லாத போலியோ 2019 டிசம்பரில் சபாவில், மூன்று மாதக் குழந்தையிடம் திரும்பி வந்தது.

ஆகவே, காப்பகப் பிள்ளையின் தடுப்பூசிக்கு யார் கையெழுத்திடலாம், எத்தனை நாளுக்குள் என்பதை எழுத்தில் கொடுங்கள். தாதிக்கும் காப்பகத்துக்கும் அந்த ஒரு தாள் போதும்.

அப்புறம், அந்த அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் முரடர் இல்லை. மூத்த மகனுக்கு ஊசி போட்ட இரவு காய்ச்சல் கூடி வலிப்பு வந்ததாம். அந்தப் பயத்தோடுதான் மறுக்கிறார். ஒரு மருத்துவர் உட்கார்ந்து கேட்டுப் பதில் சொல்ல வேண்டிய விஷயம் இது. இதுவரை அவரிடம் கேட்டதெல்லாம் 'சரியா, இல்லையா' என்பது மட்டும், அதுவும் மலாய்ப் படிவத்தில். தமிழில் பேசக்கூடிய ஒருவரை, அவருக்கு வேலை முடியும் நேரத்தில் அனுப்புங்கள். முடிவு அவருக்கு எதிராகவே போனாலும், தன் பேச்சைக் கேட்டார்கள் என்று அவருக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு டியூஷன் ஆசிரியை