பேருந்து நிற்காத இடம்

லிங்கன் கொலை பற்றிய சந்திப்பை நடத்திய நண்பர்களுக்கும், அன்று என்னோடு பேருந்தில் வந்தவர்களுக்கும்,

வணக்கம்.

போன ஏப்ரலில் நீங்கள் நடத்திய இரண்டு நாள் சந்திப்புக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். கடைசி வரிசை, சாம்பல் நிறத் தொப்பி. இறைச்சி இல்லாத சாப்பாட்டுப் பொட்டலம் கேட்டு உங்களை அலையவிட்டவன் என்றால் சட்டென்று நினைவுக்கு வரலாம். திரும்பி வந்த வாரமே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பினேன். நன்றி, கவனத்தில் கொள்கிறோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. தப்பு என் பேரில்தான். ஆங்கிலத்தில் எனக்கு அலுவலகக் கடிதம் எழுத வரும், மனத்தாங்கலை எழுத வராது. அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர்கள் என்னோடு சேர்த்து நான்கு பேர் இருக்கிறோம், யாராவது சொல்லிவிடுவார்கள். தவிர, வாஷிங்டன் சுற்றுவட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை, லிங்கன் சுடப்பட்ட ஃபோர்டு நாடக அரங்குக்குக் கூட்டிப்போகாமல் இருப்பதில்லை. அவர்களும் படிக்கட்டும்.

முதல் நாள் பேச்சுகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சுடப்பட்ட லிங்கனைத் தூக்கிப்போன எதிர்வீடான பீட்டர்சன் வீட்டில், அந்த 6 அடி 4 அங்குல மனிதருக்குக் கட்டில் போதாமல் குறுக்காகக் கிடத்தியதிலிருந்து மறுநாள் காலை 7.22க்கு உயிர் பிரிந்ததுவரை ஒருவர் சொல்லி முடித்தபோது, அறையில் இருமல் சத்தம்கூட இல்லை. மதியம், கொலைச் சதியில் பங்கு என்று மேரி சரட்டை 1865 ஜூலை 7 அன்று தூக்கிலிட்டது நியாயமா என்று ஒன்றரை மணி நேரம் அடித்துக்கொண்டீர்கள். அமெரிக்க மத்திய அரசு தூக்கிலிட்ட முதல் பெண். நான் இரண்டு கட்சிக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். சுவையான சண்டை.

நான் எழுத வந்தது, கொலையாளி தப்பிய வழியில் நம்மைக் கூட்டிப்போன இரண்டாம் நாள் பேருந்தைப் பற்றி.

வழி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1865 ஏப்ரல் 14, புனித வெள்ளி இரவு. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே லிங்கனைச் சுட்ட நடிகன் ஜான் வில்க்ஸ் பூத், மாடத்திலிருந்து மேடைக்குக் குதித்துக் குதிரையேறி ஓடினான். கடற்படைத் தளத்துப் பாலம், சரட் சத்திரம், கால் எலும்புக்குக் கட்டுப்போட்ட மருத்துவர் மட்டின் வீடு, செகாயா சதுப்பு நிலம், காக்ஸ் என்ற பண்ணையார் மாளிகை, பைன் மரக்காடு, பொட்டோமாக் ஆறு. அதைத் தாண்டினால் வர்ஜீனியா. கடைசியில் காரெட் பண்ணையின் புகையிலைக் கொட்டகை. அங்கே ஏப்ரல் 26 விடியலில் அவன் கதை முடிந்தது. இன்று அந்தப் பண்ணை இருந்த இடம் 301ஆம் எண் நெடுஞ்சாலையின் இரண்டு பாதைகளுக்கும் நடுவே வெறும் மரக்கூட்டமாக நிற்கிறது. இந்தப் பன்னிரண்டு நாள் ஓட்டத்தை நாம் பன்னிரண்டு மணி நேரத்தில் ஓடினோம்.

மட் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பூட்ஸ் கைமாறிக் கைமாறிப் பின்வரிசைக்கு வந்தது. வீங்கிய காலிலிருந்து மருத்துவர் கிழித்து எடுத்த பூட்ஸின் நகல். அசல் ஃபோர்டு அரங்கின் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. உங்கள் உறுப்பினர் ஒருவர் தன் கைப்படத் தைத்தது, தோல் வாசனைகூடப் போகவில்லை. நானும் மடியில் வைத்துக்கொண்டு கிழிசலை விரலால் தடவிப் பார்த்தேன். பொய் சொல்வானேன், சிலிர்த்தது. பைன் காட்டுக்கு வந்து சேர்ந்தபோது பின்னால் இருந்த அம்மா, "பாவம், அந்தக் காலோடு ஐந்து நாள் இந்தக் குளிரில்" என்றார். நான் திரும்பி, "ஆமாம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. காலையிலிருந்து நான் பூத்தின் குதிரைக்குப் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறேன். அவனுக்கு எங்கே வலித்தது, எங்கே விஸ்கி கிடைத்தது, எந்தப் பத்திரிகையைப் படித்து மனம் நொந்தான், எல்லாம் எனக்குத் தெரியும். அவன் தட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்களைப் பற்றி, வெள்ளைக்காரர்கள் நீங்கலாக, ஒன்றும் தெரியாது.

அடுத்த அரை மணி நேரத்தில் வில்லியம் லூகாஸ் வந்தார். வந்தார் என்றா சொல்ல வேண்டும்? பேருந்து ஒரு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தபோது, "இந்தப் பக்கம் எங்கோ ஒரு கறுப்பினத்தவர் குடிசை இருந்தது, அங்கே அவர்களுக்கு ஒரு வண்டி கிடைத்தது" என்று ஒலிபெருக்கியில் ஒரு வாக்கியம். நான் எழுந்து ஜன்னல் வழியே பார்ப்பதற்குள் மரங்கள் போய்விட்டன. அடுத்த வாக்கியம் கழிவறை எங்கே வரும் என்பது.

"வண்டி கிடைத்தது." அது எப்படிக் கிடைத்தது என்பதை லூகாஸே சொல்லியிருக்கிறார். 1865 மே மாதம் அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலம். நீங்கள் எந்த ஆவணக் கட்டிலிருந்து பூத்தின் பூட்ஸ் கதையை எடுத்தீர்களோ, அதே கட்டில்தான் அதுவும் இருக்கிறது.

ஏப்ரல் 23, ஞாயிறு இரவு. அன்று மாலை பூத்தும் கூட்டாளி ஹெரால்டும் ஸ்டூவர்ட் என்ற பணக்கார மருத்துவர் வீட்டில் சாப்பிட்டார்கள். சாப்பாடு போட்ட ஸ்டூவர்ட் படுக்க இடம் தரவில்லை, சாப்பிட்டதும் வெளியே அனுப்பிவிட்டார். அங்கிருந்து லூகாஸ் வீட்டுக்கு வந்தார்கள். நாய் குரைத்தது. இரவு இங்கேதான் தங்கப்போகிறோம் என்றார்கள். லூகாஸ் தன்னால் முடிந்ததை எல்லாம் சொல்லிப் பார்த்தார். நான் கறுப்பினத்தவன், வெள்ளையரை வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. வீட்டில் இருப்பதே ஓர் அறை. மனைவிக்கு உடம்பு சரியில்லை. பூத் கத்தியை உருவிக் காட்டி, இது எப்படி இருக்கிறது என்று கேட்டான். கத்தி என்றாலே எனக்கு எப்போதும் பயம் என்று சொன்னார் லூகாஸ். பிறகு அவர்கள் குதிரைகளைக் கேட்டார்கள். திங்கள் காலை சோளம் நட ஆள் வரச் சொல்லியிருக்கிறேன், குதிரையைத் தர முடியாது என்று அந்த நிலையிலும் சொல்லியிருக்கிறார் மனிதர். எனக்கு இந்த இடம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. முன்னால் கத்தி, மனதில் சோள நடவு. விவசாயிக்குத்தான் அது புரியும்.

உள்ளே தூங்கப் பயந்து லூகாஸும் உடம்பு சரியில்லாத அவர் மனைவியும் மிச்ச இரவை வாசற்படியில் கழித்தார்கள்.

எங்கள் ஊரில் பழைய வீடுகளுக்கெல்லாம் தெருப்பக்கம் திண்ணை உண்டு. முன்பின் தெரியாத வழிப்போக்கன் அதில் படுத்துவிட்டு விடியலில் எழுந்து போவான், வீட்டுக்காரர் உள்ளே தூங்குவார். என் தாத்தா வீட்டுத் திண்ணையில் சுவரோடு சேர்த்துச் சாய்மானம்கூடக் கட்டியிருந்தது, வருகிறவன் தலைக்கு. அந்த நினைப்போடு லூகாஸின் வாக்குமூலத்தைப் படித்தால் வயிற்றைப் புரட்டுகிறது. வழிப்போக்கன் உள்ளே, வீட்டுக்காரர் வெளியே.

திங்கட்கிழமை பூத் என்ன செய்தான் தெரியுமா? ஸ்டூவர்ட் மருத்துவருக்குக் கடிதம் எழுதினான். விருந்தோம்பல் தெரியாதவர் என்று கடிந்து, ஷேக்ஸ்பியரிலிருந்து ஒரு வரியை வேறு எடுத்துப் போட்டு, சாப்பாட்டுக்குக் காசு என்று 2.50 டாலர் வைத்து. முதலில் 5 டாலர் என்று எழுதியிருந்தான், பிறகு அதைப் பாதியாகக் குறைத்து வேறு தாளில் எழுதினான். இரண்டு வடிவங்களும் இருக்கின்றன. நோயாளியை அவள் வீட்டு வாசலில் உட்கார வைத்துவிட்டு, விருந்தோம்பல் பற்றிப் பாடம்! இந்த ஒரு காட்சி போதுமே அவனைப் புரிந்துகொள்ள. இதை விட்டுவிட்டு எலும்பு எங்கே முறிந்தது, மேடையில் விழுந்தபோதா, பிறகு குதிரை இடறியபோதா என்று இருபது நிமிடம் பேசினோம்.

லூகாஸ் மனைவியின் கையில் 25 டாலர் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார்கள். ஓட்டியது மகன் சார்லி. ரப்பஹானக் ஆற்றங்கரையில் போர்ட் கான்வே துறைவரை. ஆற்றைக் கடத்திவிட்ட தோணிக்காரர் ஜிம் தார்ன்டனும் கறுப்பினத்தவர்தான். பேருந்தில் அவர் பெயரும் வரவில்லை.

நண்பர்களே, உங்களில் ஒருவர் அன்று தேநீர் வேளையில் என்னிடம் பொறுமையாகவே சொன்னார்: "இது கொலையாளி தப்பிய வழி. அவன் போன பாதையில்தானே போக முடியும்? பார்த்த எல்லோரையும் பற்றிப் பேசினால் பேருந்து நகராது." நேரக் கணக்கு எனக்கும் புரிகிறது. ஆனால் காக்ஸ் பண்ணையாருக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தோமே. அவர் வீட்டுக்கு இருட்டில் சதுப்பு நிலத்தின் வழியே வழிகாட்டிப் போன ஆஸ்வெல் ஸ்வான் என்ற கறுப்பினத்தவர், பூத்தும் ஹெரால்டும் உள்ளே போய்ச் சில மணி நேரம் இருந்தார்கள் என்று பிறகு படையினரிடம் சொன்னவர். காக்ஸ் வீட்டுப் பணிப்பெண் மேரி ஸ்வான், அவர்கள் உள்ளேயே வரவில்லை என்று சொன்னார். பிடித்து அடைக்கப்பட்டிருந்த காக்ஸ் சிறையிலிருந்து வெளியே வந்தார். அந்தப் பெண் ஏன் அப்படிச் சொன்னாள்? பயமா, விசுவாசமா, வேறு கணக்கா? கூட்டத்தில் இத்தனை துப்பறியும் மூளைகள் இருந்தும் யாரும் இந்தக் கேள்வியைத் தொடவில்லை. எனக்கென்னவோ மேரி சரட் வழக்கைவிட இதுதான் பெரிய புதிர்.

மட் விஷயமும் அப்படித்தான். மருத்துவர் நல்லவரா கெட்டவரா, பூத்தை அடையாளம் தெரிந்தா கட்டுப்போட்டார் என்று தலைமுறை தலைமுறையாகப் பேசுகிறோம். அந்த வீட்டில் அடிமையாக இருந்த எல்சீ எக்லென்ட் சாட்சிக் கூண்டில் ஏறி, மருத்துவர் என்னைச் சுட்டார் என்று சொன்னார். அங்கே அடிமையாக இருந்த மேரி சிம்ஸும் ஏறினார். கொலைச் சதி வழக்கை விசாரித்த இராணுவ ஆணையத்தின் முன் சிவிலியன்களை நிறுத்தியது அநியாயம் என்று நாம் எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம், எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அன்றைய மேரிலாண்ட் மாநில நீதிமன்றத்தில் வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்லவே முடியாது. எக்லென்ட் வாய்திறக்க முடிந்தது அந்த அநியாய ஆணையத்தின் முன்தான். இதை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கே குழப்பம். இந்தக் குழப்பத்துக்கு ஓர் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

இன்னொன்று. இது வெறும் விட்டுப்போன பெயர்களின் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஏப்ரல் 11 அன்று வெள்ளை மாளிகை ஜன்னலில் நின்று லிங்கன் பேசினார். படிப்பறிவு உள்ள கறுப்பினத்தவருக்கும் படையில் சேவை செய்தவர்களுக்கும் வாக்குரிமை தரலாம் என்று முதல்முறையாகப் பொதுவில் சொன்னார். கீழே கூட்டத்தில் சதிக் கூட்டாளி பவலோடு நின்றுகொண்டிருந்த பூத், இதுதான் இந்த ஆளின் கடைசிப் பேச்சு என்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது. மூன்றாம் நாள் சுட்டான். லூகாஸ் போன்ற ஒருவர் வாக்குச்சீட்டு போடலாம் என்ற பேச்சே அவனுக்குப் பொறுக்கவில்லை. சுட்டுவிட்டு ஓடியவன் பிழைக்கவும் அதே லூகாஸின் கூரையும் வண்டியும் வேண்டியிருந்தது. அந்த வீடு இருந்த வளைவில்தான் நாம் வேகமாகத் திரும்பினோம்.

ஆகவே, கேட்கிறேன். அடுத்த முறை அங்கே வண்டியை நிறுத்துங்கள். பார்க்க ஒன்றும் இருக்காது என்பீர்கள். காரெட் பண்ணையில் மட்டும் என்ன இருந்தது? பூச்சிக்கடியோடு அங்கே இருபது நிமிடம் நின்றோம். லூகாஸின் வாக்குமூலம் சின்னதுதான், ஒருவர் உரக்கப் படித்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எக்லென்ட், மேரி சிம்ஸ் இருவரின் சாட்சியத்தை மட் வீட்டுக்குப் போகும் வழியில் பூட்ஸோடு சேர்த்தே கைமாற்றலாம். பூட்ஸை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதைத் தைத்தவர் கைக்கு நான் ரசிகன்.

பயணத்தை ஃபோர்டு அரங்கிலிருந்து தொடங்காமல், கிழக்கே லிங்கன் பூங்காவிலிருந்து தொடங்கவும் யோசியுங்கள். அங்கே 1876 ஏப்ரல் 14 அன்று திறந்த சிலை இருக்கிறது, திறப்பு விழாவில், அடிமையாகப் பிறந்து கறுப்பினத் தலைவரான ஃபிரடெரிக் டக்ளஸ் பேசினார். லிங்கன் நிற்க, அவர் காலடியில் ஒருவர் மண்டியிட்டிருக்கும் அந்தச் சிலை எனக்குப் பிடிக்காது, பலருக்கும் பிடிக்காது. ஆனால் பீடத்தில் இருக்கும் செய்தியைப் படித்திருக்கிறீர்களா? லிங்கன் இறந்த செய்தி கேட்டு இந்தச் சிலைக்கு முதல் பணம் கொடுத்தவர் சார்லட் ஸ்காட், வர்ஜீனியாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். விடுதலையான பிறகு அவர் சம்பாதித்த முதல் காசு. 5 டாலர். பாதியாகக் குறைக்கவில்லை.

அடுத்த ஏப்ரலுக்கு ஓர் இடம் எனக்குப் போட்டுவையுங்கள். லூகாஸ் வீட்டு வளைவில் வண்டி நிற்கும் என்று ஒரு வரி எழுதினால் போதும், அன்றே பணம் கட்டிவிடுகிறேன். சாப்பாடு இந்த முறை நானே கொண்டுவருகிறேன். புளிசாதம். பின்வரிசைக்கு எல்லோருக்கும் சேர்த்து.

அன்புடன்,
கடைசி வரிசை, சாம்பல் தொப்பி