ஸ்கொட்லாந்து ஆற்று சால்மன் எங்கள் கடையில் ஏன் இல்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கினால் லண்டனில் எங்கள் கடைக்கு வருபவர்கள் கேட்பது இதுதான்: "அண்ணை, வளர்ப்பு மீன் வேண்டாம், ஸ்கொட்லாந்து ஆத்து சால்மன் இருக்கோ?" இல்லை. வாங்கி வைக்கும் எண்ணமும் இல்லை. கல்லாவில் நின்றபடி விளக்க நேரம் போதவில்லை, அதனால் இந்த மடல்.

தூண்டிலில் பிடித்த சால்மனை ஸ்கொட்லாந்தில் 2002 முதலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2009 முதலும் விற்கவே கூடாது. சால்மனின் உறவு மீனான கடல் ட்ரவுட்டுக்கும் இதே தடைதான். வலை போடுவதும் அநேகமாக நின்றுவிட்டது. அங்கே அந்த மீனுக்கு மதிப்பு உயிரோடு நீந்தும்போதுதான். ஸ்கொட்லாந்தின் ட்வீட் என்ற ஆற்றில் நல்ல இடம் பிடித்து ஒரு வாரம் தூண்டில் போட ஆயிரக்கணக்கில் பவுண்ட்ஸ் கொடுக்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் தூண்டிலில் சிக்கும் சால்மனில் 100க்கு 90க்கு மேல் திரும்ப ஆற்றுக்கே போகிறது.

ஸ்பெயினின் அஸ்தூரியாஸில் பருவத்தின் முதல் சால்மனுக்கு 'கம்பானு' என்று தனிப்பெயரே உண்டு. அந்த ஒற்றை மீன் ஏலத்தில் பல ஆயிரம் யூரோவுக்குப் போயிருக்கிறது.

நோர்வேயில் ஆற்றில் பிடித்ததை வீட்டில் சமைத்துச் சாப்பிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் 2024 ஜூனில் மீன் வரத்து அவ்வளவு குறைந்ததால், பருவத்தின் நடுவிலேயே 33 ஆறுகளை மூடினார்கள். மீனை நம்பிப் பிழைக்கிற எங்களுக்கு அந்தச் செய்தி வந்த அன்று வேலையே ஓடவில்லை. வளர்ப்புப் பண்ணைகளில் ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் சால்மன் எடுக்கும் நாடு அது. அந்தப் பண்ணைக் கூண்டுகளில் பெருகும் கடல் பேன் என்ற ஒட்டுண்ணி, கடலுக்குப் போகும் ஆற்றுக் குஞ்சுகளைக் கொல்கிறது. தப்பி ஓடும் வளர்ப்பு மீன் ஆற்று மீனோடு இனம் கலக்கிறது. கடலும் சூடாகிக்கொண்டு வருகிறது.

சரி, எங்களிடம் 'வைல்ட்', அதாவது வளர்க்காமல் இயற்கையில் பிடித்தது என்று இருப்பது என்ன? அலாஸ்காவில் பிடித்து, உறையவைத்து வரும் சொக்ஐ சால்மன். லேபிளில் பசிபிக் என்றிருக்கும். 'அட்லாண்டிக் சால்மன்' என்று நாங்கள் விற்பது எல்லாமே வளர்ப்பு மீன். ட்ரவுட்டும் வளர்ப்புதான், வானவில் ட்ரவுட் என்ற வகை. அதை வைல்ட் என்று சொல்லி உங்களிடம் ஒருநாளும் தரமாட்டோம்.

சொக்ஐயில் கொழுப்பு குறைவு. முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜுக்குள் வைத்து இளகவிடுங்கள். குழம்பு நன்றாகக் கொதித்து, இறக்கப்போகும் நேரத்தில் துண்டுகளைப் போட்டுச் சில நிமிடம் மூடி வேகவிட்டால் போதும். முன்பே போட்டால் சக்கையாகிவிடும்.

அன்புடன்,
உங்கள் மீன்கடைக்காரர்