திங்கட்கிழமை லீவு

அம்மாபேட்டை, சேலம்
ஆடி மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குக் கடைகள் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஏற்காட்டுச் சித்தி முக்கால் கிலோ மிளகு கொடுத்தனுப்பினாள். மலையில் மழை விடவேயில்லையாம். உன் பங்கை அம்மா தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். தட்டுவடையோடு சேர்த்து அனுப்பலாம் என்றால், போன தடவை மாதிரி தூளாகப் போய்ச் சேருமே என்று யோசிக்கிறோம்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். மூன்று வாரமாக நீ வீடியோவில் வருவதில்லை. கேமரா சரியில்லை என்றாய். சரி. மாப்பிள்ளை போனிலுமா கேமரா சரியில்லை?

லீட்ஸில் இப்போது வெயில் காலம்தானே? இருந்தாலும் காலையில் வெந்நீரில் கையை வைத்திருந்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்கு. ஞாயிறு போடுகிற மூட்டுவாத மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு. அது வாரத்துக்கு ஒரு நாள்தான், மறதியில் மறுநாளும் போட்டுவிடாதே. ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. 12 வருடமாகப் போடுகிறவளுக்கு இதெல்லாம் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் சம்பந்தியம்மாவைப் பார்த்தோம். "உங்க பொண்ணு திங்கக்கிழமையானா ஆபீஸ் போறதில்லையாமே, சனி ஞாயிறு ரெண்டு நாள் பத்தலையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். குத்தலா, சும்மாவா என்று எனக்குப் பிடிபடவில்லை. உன் அம்மா தேங்காய் உடைக்கிற சாக்கில் நகர்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து தம்பியைப் பிடித்து உட்கார வைத்தேன். அவனைத் திட்டாதே. அரை மணி நேரம் தாக்குப்பிடித்தான், அப்புறம் உன் லீவு பற்றிப் பேச மீட்டிங்குக்குக் கூப்பிட்டு ஆபீஸிலிருந்து வந்த கடிதத்தைக் காட்டிவிட்டான்.

31 வருடம் மில் டைம் ஆபீஸில் வருகைக் கணக்கு எழுதிக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு அந்தக் கடிதம் புரியாமல் போகுமா? பிராட்ஃபோர்டு கணக்கு என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். எத்தனை தடவை லீவு எடுத்தாய் என்பதை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை மொத்த லீவு நாளால் இன்னொரு முறை பெருக்க வேண்டும். ஒரே மூச்சில் 11 நாள் படுத்திருந்தால் 1 × 1 × 11, வெறும் 11. அதே 11 நாளை 11 திங்கட்கிழமையாக எடுத்தால் 11 × 11 × 11. உன் கடிதத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறதே, 1331, அது இப்படி வந்ததுதான். காலை ஒடித்துக்கொண்டு ஒரு மாதம் கிடந்தவனுக்கு 30 தான் வரும். எங்கள் மில்லில் இதைச் சூத்திரமாக எழுதி வைக்கவில்லை, மனசுக்குள் வைத்திருந்தோம். திங்கட்கிழமை வராதவன் ஞாயிற்றுக்கிழமை குடித்தவன். அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

ஞாயிறு இரவு மாத்திரை, திங்கள் முழுக்கக் குமட்டல். மாத்திரையை வெள்ளி இரவுக்கு மாற்றினால் அது சனிக்கிழமையோடு போய்விடாதா? டாக்டரைக் கேள். நீயாக மாற்றாதே.

நீ கொடுத்த காரணங்களையும் தம்பி காட்டினான். வயிற்றுக் கோளாறு, தலைவலி, ஜுரம், மறுபடி வயிற்றுக் கோளாறு. அந்த ஊரில் ஏழு நாள் வரை டாக்டர் சீட்டு வேண்டாமாம், நாமே எழுதிக் கொடுத்தால் போதுமாம். அந்த வசதியில் 11 திங்களுக்கும் எதையெதையோ எழுதியிருக்கிறாய். ஓர் இடத்திலாவது மூட்டுவாதம் என்ற வார்த்தை உண்டா? கம்பெனிக் கணக்கில் ஒரு பைசா இடித்தால் கண்டுபிடிக்கிறவள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்! அங்கே 2010-ல் போட்ட சமத்துவச் சட்டம் இருக்கிறது. 12 மாதமோ அதற்கு மேலோ நீடித்து, அன்றாடக் காரியங்களைப் பெரிதாகக் கெடுக்கிற உடல்நிலை அதில் வரும். மாத்திரையால் கட்டுக்குள் இருந்தாலும், மாத்திரை இல்லாவிட்டால் எப்படி இருப்பாய் என்றுதான் பார்ப்பார்கள். அப்படி வந்தால் லீவு வரம்பைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லலாம், திங்களன்று வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்று கேட்கலாம். கேட்டதெல்லாம் கொடுத்தாக வேண்டும் என்றில்லை, நியாயமானதைச் செய்து தர வேண்டும். ஆனால் விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லை தெரிந்துகொள்ள வழியாவது இருந்திருக்க வேண்டும். தலைவலி என்று எழுதிக் கொடுத்தால் அவன் தைலமா வாங்கித் தருவான்?

தம்பி இதைப் படித்துச் சொன்னபோது உன்மேல் கோபம் கோபமாக வந்தது. ராத்திரி படுத்த பிறகுதான் ஹார்லிக்ஸ் பாட்டில் ஞாபகம் வந்தது.

முதன்முதலில் தெரிந்ததே அந்த மூடியில்தான். காலேஜ் கடைசி வருடம், காலை ஆறரை மணி. பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, துப்பட்டாவை மூடியில் சுற்றித் திருகினாய். திரும்பவில்லை. விரல் கணுவெல்லாம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்தும் "சோம்பேறி" என்று பிடுங்கித் திறந்தேன். அப்புறம் கல்யாணத்தின்போது மாத்திரை அட்டையை எதில் மறைப்பது என்று வந்ததல்லவா, அப்படியொரு பாட்டிலில் போட்டு, மேலே பஞ்சு வைத்து மூடியவனும் நானே. யாரும் திறந்துவிடக் கூடாது என்று நன்றாக இறுக்கினேன். காலையில் உன் கையாலேயே அதைத் திறக்க முடியாது, புகுந்த வீட்டில் ஒருத்தரைத் திறந்து கொடு என்று கேட்கவும் முடியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மாப்பிள்ளைதான் ஒருநாள் ஒன்றும் கேட்காமல் திறந்து வைத்தார் என்று நீ ரொம்ப நாள் கழித்துச் சொன்னாய். நல்ல மனுஷர். "வேலைக்குப் போற இடத்திலும் மூச்சு விடாதே" என்று ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிடும்போது சொன்னேன். பத்து வருடமாக நீ அப்பா பேச்சைத் தட்டவில்லை.

இன்னொன்று, உன் அம்மாவுக்கே தெரியாது. கீரைக்காரம்மாவிடம் நான் ஏன் பேரம் பேசுவதில்லை என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள். அவர் வீட்டுக்காரர் எங்கள் மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார். மூன்றாம் ஷிப்ட் மாறி வருகிற வாரமெல்லாம் ஒரு நாள், இரண்டு நாள் வரமாட்டார். வலிப்பு. தூக்கம் கெட்டால் வந்துவிடும். வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை, டீக்கடையில் ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார். பேக்கிங்கில் பகல் ஷிப்டாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. 1996-ல் விசாரணை வைத்தார்கள். மஸ்டர் ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டை, கொண்டு வரச் சொன்னார்கள், கொண்டு போனேன். தேதிகளை வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். ஒவ்வொரு தேதிக்கும் முன்னால் ஷிப்ட் மாறியிருப்பது அதே பக்கத்தில் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். 'வழக்கமாக வேலைக்கு வராதவர்' என்று அந்தத் தாளில் இருந்த வாசகம் என் கையெழுத்து. இன்றைக்கும் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ஈ.எஸ்.ஐ.யில் நோய் லீவுக்கு வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்று போகிற வருகிறவருக்கெல்லாம் விளக்கம் சொல்கிறேன். அந்த மனுஷருக்கு ஒரு வரி சொல்லவில்லை.

உன் ஆபீஸிலும் என்னை மாதிரி ஒருவன் இருப்பான் பாப்பா. கையில் தேதி மட்டும் இருந்தால் தேதியைத்தான் வாசிப்பான். என்ன நோய், என்ன மாத்திரை, எந்தக் கிழமை போடுகிறாய், மறுநாள் என்ன ஆகிறது, நாலு வரி எழுது. டாக்டர் கடிதத்தை இணைத்துக் கொடு. மீட்டிங்குக்குக் கூப்பிட்ட தேதிக்கு முன்னாலேயே கொடு. பிரதி ஒன்று வைத்துக்கொள். யூனியன் இருந்தால் ஒருத்தரைக் கூட அழைத்துப் போ, தனியாகப் போகாதே.

நேற்று நான் மட்டும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு முன்பே இருந்தது, மறைக்கச் சொன்னது நான் என்று சொன்னேன். உன்னைக் கேட்காமல் செய்தேன், திட்டுவதென்றால் திட்டு. அவர் ஒன்றும் பேசவில்லை. காபி கொடுத்தார். நான் செருப்பை மாட்டும்போது, "அப்ப அங்க சப்பாத்திக்கு மாவு யாரு பிசையறா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

யார் பிசைகிறீர்கள்?

அன்புடன்,
அப்பா

பி.கு.: மிளகைக் கவரில் போட்டே அனுப்புகிறேன். பாட்டில் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மாத்திரை போடுகிற கிழமையை டாக்டரைக் கேட்காமல் மாற்றாதே.