படுக்கையறைச் சுவர் ஓதத்துக்கு எங்கள் முன்பணத்தில் பிடித்தம்: மறுப்பும் புகாரும்

பெறுநர்: குறைதீர்ப்புப் பிரிவு, வீட்டு நிர்வாக நிறுவனம்

பொருள்: பூஞ்சைச் சேதம் என்று கழித்த தொகையைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

சாவியை ஒப்படைத்த பிறகு நீங்கள் அனுப்பிய கணக்கில், முன்பணத்தின் பெரும்பகுதி "பூஞ்சைச் சேதம்" என்ற ஒற்றை வரியில் கழிக்கப்பட்டிருக்கிறது. குடியிருந்தவர்கள் போதிய காற்றோட்டம் வைக்கவில்லை என்பது நீங்கள் சொல்லும் காரணம். இதை நாங்கள் ஏற்கவில்லை. பூஞ்சை எந்தச் சுவரில், எந்த உயரத்தில், என்ன வடிவில் படர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். உங்கள் ஆய்வாளர் எடுத்த படங்களே அதற்குப் போதும்.

காற்றோட்டம் இல்லாமல் வரும் பூஞ்சைக்கு ஒரு முறை உண்டு. வீட்டுக்குள் இருக்கும் ஈரக் காற்று, குளிர்ந்த பரப்பில் பட்டால்தான் அங்கே ஈரம் சேரும். அறையில் 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே போன பரப்பில் நீர்த்துளி கட்டும். பூஞ்சை வளர அந்த அளவுக்குக்கூடப் போக வேண்டியதில்லை. சுவரின் பரப்பு 15 டிகிரியை நெருங்கினாலே அதை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்டுவிடும். அந்த நிலை நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே இவ்வகைப் பூஞ்சை வெளிச்சுவரின் மேல் மூலைகளிலும், ஜன்னல் விளிம்பிலும், வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியின் பின்னாலும் சிறுசிறு கரும்புள்ளிகளாகத் தூவினாற்போல் வரும். அடியில் இருக்கும் பூச்சு கெட்டியாகவே இருக்கும்; ஓரத்தில் பழுப்புக் கோடு இருக்காது.

உங்கள் படங்களில் இருப்பது வேறு. குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள உட்சுவரில், ஷவருக்கு நேர் பின்புறம், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஒரே திட்டாகக் கறை ஏறியிருக்கிறது. அதன் மேல் விளிம்பில் பழுப்புக் கோடு, பெயிண்டில் கொப்புளம், உதிர்ந்த பட்டியின் (பெயிண்டுக்கு அடியில் இழைக்கும் மெல்லிய பூச்சின்) மேல் வெள்ளையாகப் பூத்த உப்பு எல்லாம் தெரிகின்றன. சுவருக்குள் ஊறிய நீர் பூச்சிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து ஆவியானால்தான் உப்பு இப்படிப் பூக்கும். ஜன்னலைத் திறந்துவைத்தாலும் மூடிவைத்தாலும் இது வராது. இரண்டு பக்கமும் அறைகள் இருக்கும் உட்சுவர், வெளிச்சுவர் போலக் குளிர்வதும் இல்லை.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கச் சுவரை உடைக்க வேண்டாம். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு ஒரு மணி நேரம் தண்ணீர் மீட்டரைக் கவனியுங்கள். முள் நகர்ந்தால் அழுத்தத்தில் ஓடும் குழாயில் ஓட்டை. நகராவிட்டால் ஷவர்த் தரையின் வடிகாலை அடைத்து, சாயம் கலந்த நீரை 24 மணி நேரம் தேக்கி வைத்துப் பாருங்கள். மட்டம் இறங்கினாலோ சுவரின் மறுபுறம் ஈரம் கூடினாலோ, டைல்ஸுக்கு அடியிலுள்ள நீர்க்காப்புப் பூச்சு போய்விட்டது என்று பொருள். இரண்டும் சரியாக இருந்தால் வடிகாலைத் திறந்து நீர் விட்டு, கழிவுக் குழாயின் இணைப்பைச் சோதிக்கலாம். உங்கள் அறிக்கையில் இந்தச் சோதனை ஒன்றுகூட இல்லை.

அறிக்கையிலுள்ள ஈரமானி அளவையும் நாங்கள் மறுக்கிறோம். இரண்டு ஊசி குத்தி அளக்கும் கருவி பொதுவாக மரத்துக்கு அளவு திருத்தப்பட்டது. சிமெண்ட் பூச்சில், அதுவும் உப்புப் பூத்த இடத்தில், அது காட்டும் எண்ணை அப்படியே ஈரச் சதவீதம் என்று எடுக்கக் கூடாது. அதே வீட்டில் உலர்ந்த ஒரு சுவரையும் அளந்து ஒப்பிட வேண்டும்; கறையின் நடு, விளிம்பு, அதற்கு மேலே என்று படிப்படியாகக் குறிக்க வேண்டும். ஒரே இடத்தில் எடுத்த ஒரே எண் எதையும் நிரூபிக்காது. காற்றில் பூஞ்சை வித்து எண்ணிய சோதனையும் அப்படியே. அதே நாளில் வெளிக்காற்றையும் எண்ணாமல் உள்ளே இருப்பது அதிகமா குறைவா என்று எப்படிச் சொல்வது? உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, இவ்வளவு வித்து வரை பாதுகாப்பு என்று எண்ணால் வரையறுக்க முடியாது என்கிறது. நீடித்த ஓதத்தைத் தடுப்பதுதான் வழி என்றும் சொல்கிறது. ஓதம் இருக்கும் சுவரை விட்டுவிட்டுக் காற்றை அளந்ததால் பயன் இல்லை.

காற்றோட்டத்தைப் பற்றியே பேசுவதென்றால், குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் பாருங்கள். சுழல்கிறது, சத்தம் போடுகிறது. ஆனால் முகப்பில் ஒரு மெல்லிய தாளை வைத்தால் ஒட்டி நிற்பதில்லை. அதன் குழாய் வெளிச்சுவர் வரை போகாமல் பொய்க்கூரைக்குள்ளேயே முடிகிறது. ஈரக் காற்று வீட்டுக்குள்தான் திரும்பி வரும். குளியலறைக் கதவின் அடியில் 1 செ.மீ. இடைவெளிகூட இல்லாததால் உள்ளே புதுக் காற்று நுழையவும் வழி இல்லை. இதை நாங்கள் எழுத்தில் தெரிவித்தபோது உங்கள் பதில் "ஃபேனைப் போட்டுவையுங்கள்" என்பதாகவே இருந்தது.

நீங்கள் செய்த ஒரே பழுதுபார்ப்பு, பிளீச் தெளித்து மேலே பூஞ்சை எதிர்ப்புப் பெயிண்ட் அடித்தது. டைல்ஸ், கண்ணாடி போன்ற பரப்புகளில் பிளீச் வேலை செய்யும். நீர் உறிஞ்சும் பூச்சில் மேற்பரப்பின் நிறத்தை மட்டும் வெளுக்கும், பிளீச்சிலுள்ள நீரோ உள்ளே இறங்கி ஈரத்தைக் கூட்டும். பெயிண்டிலுள்ள மருந்து கசிவை நிறுத்தாது. ஈரச் சுவரை மூடி அடித்த பெயிண்ட் கொப்பளித்து உரிவது இயல்பு. அந்த உரிதலைத்தான் இப்போது எங்கள் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் கசிவை அடைத்து, கெட்ட பூச்சைக் கறைக்கு அப்பாலும் 30 செ.மீ. வரை கொத்தி எடுத்து, சுவர் உலர்ந்ததை ஒப்பிட்டு அளந்து, அதன் பிறகே பூசியிருக்க வேண்டும்.

ஜன்னல் ரப்பரிலும் டைல்ஸ் இடுக்கிலும் படியும் கறுப்பைத் துடைப்பது குடியிருப்பவர் பொறுப்பு என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவற்றைச் சுத்தமாகவே ஒப்படைத்தோம். சாவி கொடுத்த அன்று எடுத்த படங்கள் இருக்கின்றன.

அடுத்து, தொகை. ஒரு சுவரின் கறைக்கு வீடு முழுவதும் புதுப் பெயிண்ட் அடிக்கும் செலவை எங்கள் மேல் போட்டிருக்கிறீர்கள். சேதம் உண்மையிலேயே எங்களால் ஆனது என்று வைத்துக்கொண்டாலும், கேட்கக் கூடியது அந்தச் சுவரின் தேய்மானம் போக மிஞ்சிய மதிப்பை மட்டுமே. 5 ஆண்டு தாங்கும் பெயிண்டுக்கு 4 ஆண்டு ஆகிவிட்டிருந்தால் மிச்சம் ஐந்தில் ஒரு பங்கு. பழைய பெயிண்டுக்கு ஈடாகப் புதிதை வாங்கிக் கொடுக்கும் கடமை எங்களுக்கு இல்லை. உட்கட்டு அலமாரியின் பின்பலகைக்கும் இதே கணக்குதான். அது அந்த ஓதச் சுவரில் நேரடியாக ஆணி அடித்துப் பொருத்தப்பட்டது. அதை நகர்த்திக் காற்று விட எங்களால் முடியாது.

ஆகவே நாங்கள் கோருவது:

பூஞ்சைச் சேதம் என்று பிடித்த தொகை முழுவதையும், இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். மறுப்பதானால், பிடித்தம் ஒவ்வொன்றுக்கும் தனி ரசீது, கடைசியாகப் பெயிண்ட் அடித்த தேதி, குடிவந்தபோது வீடு இருந்த நிலையைக் குறித்து இரு தரப்பும் கையெழுத்திட்ட பட்டியல், நாங்கள் கொடுத்த புகார்களின் பதிவு, பிளம்பரின் வருகைக் குறிப்பு ஆகியவற்றின் நகல் வேண்டும். நீர் தேக்கும் சோதனையை எங்கள் முன்னிலையில், இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒரு பிளம்பரை வைத்து நடத்த வேண்டும். அதுவரை அந்தச் சுவரைக் கொத்தவோ, பூசவோ, பெயிண்ட் அடிக்கவோ கூடாது. இதை எழுத்தில் கேட்ட பிறகும் சுவரை மாற்றினால், ஆதாரத்தை அழித்ததாகவே எடுத்துக்கொண்டு வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் மன்றத்தில் முறையிடுவோம்.

இணைப்பு: தேதியுடன் கூடிய படங்கள், மின்னஞ்சல் நகல்கள், ஒப்பந்த நகல், எக்ஸாஸ்ட் குழாய் முடியும் இடத்தின் காணொளி.

இப்படிக்கு,
முன்னாள் குடியிருப்பாளர்கள்