ஒன்பது கிண்ணம், இரண்டு இடுக்கி: கல்யாணச் சமையல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று ஊருக்கே சோறு போடும் கேட்டரிங் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

உங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல எழுதவில்லை. உங்கள் சாம்பார் வாசம் மண்டப வாசலுக்கே வந்து கூப்பிடும். அதைத் தொட முடியாத ஆதங்கம் எனக்குத்தான். எனக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை போன்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், என் உடம்பே என் சிறுகுடலைத் தாக்கும். அப்புறம் சாப்பிடுகிற சத்து எதுவும் ஒட்டாது. இரண்டு வருஷம் ரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. மருந்து கிடையாது, ஆயுசுக்கும் குளூட்டனை ஒதுக்குவதுதான் வைத்தியம். வட இந்தியர்களிடம் கூடுதலாகவும் தென்னிந்தியர்களிடம் குறைவாகவும் காணப்படும் நோய் என்பதால், நம் ஆட்களில் பலர் பெயரைக்கூடக் கேட்டதில்லை. "ரொட்டி சானாய் ஒத்துக்காதா? இது என்ன புது ஃபேஷன்?" என்று கேட்ட என் அத்தை இன்னும் அப்படியேதான் கேட்கிறார்.

இப்போது எல்லா மண்டபத்திலும் சாலட் மேசை வந்துவிட்டது. ஐஸ் பரப்பிய தட்டில் வெள்ளரி, தக்காளி, கேரட், சோளம், அவித்த கொண்டைக்கடலை. பார்த்தால் எனக்காகவே வைத்த மாதிரி இருக்கும். நானும் முதலில் அப்படித்தான் ஏமாந்தேன்.

போன மாதம் ஒரு கல்யாணம். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பையன், ஏழெட்டு வயசு இருக்கும். வறுத்த ரொட்டித் துண்டுகள் இருந்த கிண்ணத்தில் இடுக்கியை விட்டு ஒரு பிடி அள்ளினான். அதே இடுக்கியோடு வெள்ளரிக்குத் தாவினான். வெட்டிய வெள்ளரியின் ஈரத்தில் பழுப்பு நிறத் தூள் நாலைந்து ஒட்டிக்கொண்டது. அவன்மேல் குற்றம் இல்லை. ஒன்பது கிண்ணத்துக்கு அங்கே இருந்ததே இரண்டு இடுக்கிதான். சரி என்று வெள்ளரியை விட்டுவிட்டு, தனிக்கரண்டி போட்டிருந்த கொண்டைக்கடலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அன்றிரவு முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மறுநாள் விசாரித்தால், கடலையை ருசிக்காகக் கீச்சாப், அதாவது சோயா சாஸ், ஊற்றிப் புரட்டினார்களாம். கீச்சாப் போத்தலைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் 'கண்டும்' என்று போட்டிருக்கும், மலாயில் கோதுமை என்று அர்த்தம்.

"ஒரு தூள்தானே?" என்பீர்கள். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமைத் தாண்டாமல் இருந்தால்தான் குளூட்டன் இல்லாத உணவு என்கிறது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம். ஒரு துண்டு ரொட்டியிலோ குளூட்டன் கிராம் கணக்கில் இருக்கிறது. "நல்லா கொதிக்க வச்சா போயிடாதா?" என்று ஒரு அண்ணன் அக்கறையாகத்தான் கேட்டார். இது கிருமி இல்லை அண்ணே, புரதம். கொதித்தாலும் சாகாது, கழுவினால்தான் போகும்.

இன்னும் சில இடங்களில் ஒளிந்திருக்கிறது. சைவ மட்டன், சைவக் கோழி என்று வரும் பலவும் கோதுமைக் குளூட்டனிலேயே செய்தவை. நண்டுக் குச்சியில் கோதுமை மாவுச்சத்து சேரும். சாலட்டுக்கு ஊற்றும் சாஸிலும் மாவு இருக்கலாம். கடையில் வாங்கும் பெருங்காயத்தூளிலும் கோதுமை மாவு கலந்திருப்பது சகஜம். சாம்பாரை நான் தொடாததற்கு அதுதான் காரணம். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்றே உயிர் பிழைத்த கதையை எங்கள் பாட்டி அலுக்காமல் சொல்லும். மரவள்ளியில் குளூட்டன் துளியும் இல்லை. பாட்டியின் பஞ்சத்துச் சாப்பாடுதான் இன்று எனக்கு விருந்து!

எனக்காகத் தனி அடுப்பு மூட்டச் சொல்லவில்லை. கிண்ணத்துக்கு ஒரு இடுக்கி போடுங்கள். ஊர்சுற்றாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டினாலும் சரி. ரொட்டித் துண்டையும் பொரித்த மீ நூடுல்ஸையும் நடுவில் வைக்காமல், வரிசையின் கடைசியில் தள்ளி வையுங்கள். நடுவில் வைத்தால் எடுக்கிற கை எல்லாக் கிண்ணத்துக்கும் மேலே போகும், போகிற வழியெல்லாம் உதிரும். கிண்ணம் தீர்ந்தால் பழையதின் மேலேயே கொட்டாமல் புதுக் கிண்ணம் வையுங்கள். முன்கூட்டியே சொல்லி வைத்தவர்களுக்கு, மேசை திறக்கும் முன்பே கழுவிய கத்தி, கழுவிய பலகையில் காய் வெட்டி மூடி போட்டு எடுத்து வையுங்கள். எனக்கு இது ஒன்று நடந்தாலே போதும்.

இன்னொன்று. மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, பொட்டலத்தில் அடைத்து விற்பவர்கள் குளூட்டன் உள்ள தானியம் சேர்த்திருந்தால் அதை அச்சிட்டே ஆகவேண்டும். அந்தப் பொட்டலத்தைப் பிரித்துக் கிண்ணத்தில் கொட்டியதும் எழுத்து குப்பைக்குப் போய்விடுகிறது. விருந்து முடியும்வரை பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள், நானே படித்துக்கொள்கிறேன். பரிமாறுகிற தம்பி, தங்கச்சிகளிடமும் சொல்லி வையுங்கள்: தெரியாவிட்டால் "தெரியாதுக்கா" என்றே சொல்லட்டும். "ஒண்ணும் ஆகாது, சாப்பிடுங்க" என்று அன்பாகச் சொன்ன ஒவ்வொரு முறையும் எனக்கு ஏதாவது ஆகியிருக்கிறது.

வருகிற மாதம் என் தம்பி மகன் கல்யாணம். உங்களில் ஒருவர்தான் சமையல். இரண்டு ரிங்கிட் கடையில் ஒன்பது இடுக்கி வாங்கி, கழுவிக் காயவைத்திருக்கிறேன். முதல்நாள் சாயங்காலமே மண்டபத்துக்குக் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
எவர்சில்வர் டப்பாவோடு கல்யாணத்துக்கு வரும் அக்கா