அட்டவணையில் இல்லாத கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துறுதுறுப்பான நாய் இனங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எந்த இனத்துக்கு நாளொன்றுக்கு எத்தனை மணி நேர உடற்பயிற்சி வேண்டும் என்று அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தது பயனுள்ளதுதான். ஆயினும், குட்டி வாங்கும் ஆசை ஏற்கெனவே மனத்தில் புகுந்துவிட்ட ஒருவர் அந்த அட்டவணையை எப்படிப் படிப்பார் என்பது எனக்குத் தெரியும். 'இரண்டு மணி நேரம்' என்பதைக் கண்டதும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பங்கிட்டுப் பார்த்து, இது நம்மால் முடியும் என்று தீர்மானித்துவிடுவார். ஏழு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படிக் கணக்குப் போட்டுத்தான் ஒரு பார்டர் கோலி குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அது வளர்ந்து ஒரு வயதை நெருங்கியபோது, சொன்ன கணக்குப்படி நடத்தியும் ஓட்டியும் வந்த பிறகும் வீட்டுக்குள் நிலைகொள்ளாமல் சுற்றியது. சோபாவின் ஓரத்தைக் கடித்துப் பிய்த்தது. சுவரில் நகரும் நிழலைத் துரத்தியது. ஓடும் பிள்ளைகளின் குதிகாலை மெல்லக் கவ்வி அவர்களை ஒரு மூலைக்கு ஒதுக்கியது. போதிய ஓட்டம் இல்லை போலும் என்று எண்ணி நேரத்தை மேலும் கூட்டினேன். விளைவு என்னவென்றால், நாயின் தெம்பு வளர்ந்தது, என்னுடையது தீர்ந்தது. தினமும் கூடுதலாக ஓட்டப்படும் நாய் தினமும் கூடுதலாக ஓடும் திறனைப் பெறுகிறது என்ற எளிய உண்மை எனக்கு உறைக்கவே ஆறு மாதம் ஆயிற்று.

ஆகவே, ஒரு நாய்க்கு எவ்வளவு ஓட்டம் வேண்டும் என்று கேட்பதற்கு முன், அதன் முன்னோர் என்ன வேலைக்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டனர் என்று கேட்பதே முறை. பார்டர் கோலி இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதிகளில் ஆடு மேய்க்க உருவான இனம். அவ்வினத்தின் மூதாதையாகக் கருதப்படும் 'ஓல்ட் ஹெம்ப்' 1893ஆம் ஆண்டு பிறந்தது. குரைக்காமல், வெறும் பார்வையாலேயே மந்தையை நகர்த்தும் என்று பேர் பெற்றது. மேய்ப்பன் தொலைவில் நின்று ஊதும் சீழ்க்கையின் வேறுபாடுகளைப் புரிந்துகொண்டு நாள் முழுவதும் இயங்கும் மூளை அந்த இனத்துக்கு வாய்த்திருக்கிறது. 'சேசர்' என்ற பார்டர் கோலி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டதை 2011இல் வெளியான ஆய்வொன்று பதிவு செய்துள்ளது. இத்தகைய மூளைக்கு வேலை கொடுக்காமல் கால்களுக்கு மட்டும் வேலை கொடுத்தால், மேய்க்க ஆடு கிடைக்காத நாய் பிள்ளைகளை மேய்க்கத் தொடங்குவதில் வியப்பில்லை.

சைபீரியன் ஹஸ்கியின் கதை வேறு. 1925ஆம் ஆண்டு அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, சுமார் 1,085 கிலோமீட்டர் தொலைவுக்கு மருந்தைச் சுமந்து சென்ற 20 ஓட்டுநர்களின் தொடர் பயணத்தில் பனிச்சறுக்கு வண்டிகளை இழுத்தவை ஹஸ்கி முதலான நாய்கள்தாம். இழுப்பதற்கென்றே பிறந்த நாயிடம், கயிற்றை இழுக்காமல் பக்கத்தில் நட என்று சொல்வது எவ்வளவு கடினமான பாடம் என்பதை வாங்குபவர் எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் இரட்டை அடுக்கு ரோமம் கடுங்குளிருக்கானது. வெயில் மிகுந்த இடத்தில் வாழ்பவருக்கு அந்த ஒரு காரணமே வேண்டாம் என்று சொல்லப் போதும். ஜாக் ரஸ்ஸல் டெரியரோ உருவத்தால் ஏமாற்றும். மடியில் அடங்கும் அளவுதான். ஆனால் நரியை வளைக்குள் துரத்திச் சென்று வெளியேற்ற வளர்க்கப்பட்டது என்பதால், தோட்டத்தைத் தோண்டாமல் அதற்குப் பொழுது போகாது. இவற்றுக்கு மாறாக, நாய்களிலேயே மிக வேகமாக ஓடக்கூடிய கிரேஹவுண்டு, சிறிது நேரம் பாய்ந்து ஓடிவிட்டுப் பகலின் பெரும்பகுதியைத் தூங்கியே கழித்துவிடும். வேகம் வேறு, ஓயாத உழைப்பு வேறு என்பதைக் கட்டுரை தொடாமல் விட்டது எனக்குக் குறையாகவே தோன்றியது.

இனி வாழ்க்கை முறைக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோர் நம்முடைய மிகச் சிறந்த நாளை மனத்தில் வைத்தே இதை முடிவு செய்கிறோம். மழை விடாமல் பெய்யும் நாள், காய்ச்சலோடு படுத்திருக்கும் நாள், வேலை முடிந்து இரவு தாமதமாக வீடு திரும்பும் நாள் ஆகியவற்றில் கயிற்றை எடுக்கப்போவது யார் என்று வீட்டில் வெளிப்படையாகப் பேசித் தீர்க்க வேண்டும். (எல்லோரும் என்று பதில் வந்தால், ஒருவருமில்லை என்று பொருள்.) பெரிய தோட்டம் இருக்கிறதே என்பதும் ஒரு விடையன்று, தோட்டத்தில் தனியே விடப்பட்ட நாய் வாயிலருகே அமர்ந்து நம்மைத்தான் எதிர்பார்த்திருக்கும். பகலில் அது எத்தனை மணி நேரம் தனித்திருக்கும் என்பது, வீட்டின் பரப்பளவைக் காட்டிலும் முக்கியமான கேள்வி.

ஓடுவதற்குத் துணை வேண்டும் என்று குட்டி வாங்குவோர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். எலும்புகளின் வளர்ச்சி முடியும் வரை, பெரிய இனங்களில் அது ஒன்றரை ஆண்டுகூட ஆகலாம், குட்டியைக் கடினமான தரையில் நெடுந்தூரம் ஓட்டுவது மூட்டுகளுக்குக் கேடு. அவசரமாகத் துணை தேவைப்படுவோர், குணம் ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்ட, வளர்ந்த நாயொன்றைக் காப்பகத்திலிருந்து தத்தெடுப்பதே மேல். கால்நடை மருத்துவரின் கருத்தையும் கேட்டுக்கொள்ளலாம். குட்டிதான் வேண்டும் என்பவர் தாய் நாயை நேரில் பார்க்க வேண்டும். வேலைக்கென வளர்க்கப்படும் வம்சத்துக்கும் கண்காட்சிக்கென வளர்க்கப்படும் வம்சத்துக்கும் ஒரே இனத்திலேயே பெரும் வேறுபாடு இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, நாய் இல்லாமலேயே ஒரு மாதம் அதிகாலையிலும் மாலையிலும் குறித்த நேரத்தில் நடந்து பார்க்கும்படி நண்பர்களுக்குச் சொல்லி வருகிறேன். இதுவரை இருவர் இரண்டாம் வாரத்திலேயே மனத்தை மாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்காக நான் மகிழ்ந்தேன்.

என் நாயை நான் கைவிடவில்லை. ஓட்டத்தைக் குறைத்து, ஒளித்துவைத்த பொருளை மோப்பம் பிடித்துத் தேடவும், விரிப்பின் மீது அமைதியாகப் படுத்திருக்கவும் பழக்கினேன்; இரண்டாவது பாடம் முதலாவதைவிட நெடுங்காலம் எடுத்தது. கட்டுரையாளர் அடுத்த முறை இத்தகைய அட்டவணையைத் தயாரிக்கும்போது, அந்த இனம் எந்த வேலைக்காக வளர்க்கப்பட்டது, எவ்வளவு நேரம் தனித்திருக்கத் தாங்கும் என்ற இரண்டு பத்திகளையும் சேர்க்குமாறு தங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி