கரைக்குப் பின்பக்கம் போய்ப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அணைக்காக ஏரி மட்டத்தை இறக்கச் சொல்லும் அதிகாரிகளோடு உங்கள் ஊர்க்காரர்கள் சண்டை போடுவதாக எழுதியிருந்தாய். கூட நீ அனுப்பிய போட்டோவை அம்மா தெருவில் பாதிப் பேருக்குக் காட்டிவிட்டாள். மலை, ஏரி, உங்கள் படகு எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. பொதுப்பணித்துறையில் காலம் தள்ளியவன் இல்லையா, எனக்குக் கண் நேரே கரைக்குத்தான் போனது. பழைய மண் அணை, அதன் சரிவில் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் மரங்கள். யார் விட்டு வைத்தார்கள்? மரம் பட்டுப்போய் வேர் மக்கினால், அந்தப் பொந்து வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும்.

நம் மாவட்டத்திலேயே வெலிங்டன் ஏரி இருக்கிறதே, திட்டக்குடி பக்கம், 1923இல் கட்டி முடித்தது, நாலு கிலோமீட்டருக்கு மேல் மண்கரை. கரை உள்வாங்கி உள்வாங்கி எத்தனை தடவை சரி செய்திருப்பார்கள்! முழுக்கத் தேக்க முடியாத வருஷங்களில் விவசாயிகள் கொதித்துப் போவார்கள், அவர்களுக்கு நெல் போகிறது. உங்கள் ஊர்க்காரர்களுக்குப் போவது படகு சவாரி, அதற்கா இவ்வளவு சண்டை?

நீ இருக்கும் பென்சில்வேனியாவிலேயே நடந்ததுதான் சவுத் ஃபோர்க் அணை கதை. அதுவும் மண் அணை, 72 அடி உயரம், பணக்காரர்கள் மீன் பிடிக்கவும் படகு விடவும் கிளப் வைத்திருந்த மலை ஏரி. குதிரை வண்டி போக வேண்டுமென்று கரையின் தலையை வெட்டித் தாழ்த்தினார்கள், மீன் தப்பிக்கக் கூடாதென்று கலிங்கில், அதாவது மிஞ்சின தண்ணீர் வழிந்து போகிற வாயில், கம்பி வலை அடித்தார்கள். அடியில் தண்ணீரை இறக்கிவிடும் குழாய்களை அதற்கு முன்பிருந்த சொந்தக்காரரே பிடுங்கி விற்றுவிட்டார், இவர்கள் திரும்பப் போடவில்லை. 1889 மே 31, பெருமழை, வலையில் குப்பை அடைத்துக்கொண்டது, தண்ணீர் கரை மேலேறி வழிந்தது. மண்கரை மேல் தண்ணீர் ஏறிவிட்டால் அப்புறம் அதைப் பிடித்து நிறுத்த ஆளே கிடையாது. 14 மைல் கீழே இருந்த ஜான்ஸ்டவுனில் செத்தவர்கள் 2,209 பேர்.

ஏரியில் தண்ணீர் குறையக் கூடாதென்று மனு கொண்டுவருகிறார்களாமே, நீ கையெழுத்துப் போடாதே. மட்டத்தை இறக்கச் சொல்லும் அதிகாரிகள் பக்கம்தான் நியாயம். மாப்பிள்ளைக்குச் சங்கத்தில் சங்கடம் வரும் என்கிறாய், வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை படகை விட்டுவிட்டு அணையின் பின்பக்க அடிவாரத்தில் நடந்து பார். சுற்றிலும் காய்ந்திருக்க, ஒரு இடத்தில் மட்டும் புல் பச்சையாக, காலடி புதைகிற ஈரமாக இருக்கிறதா? ஊற்று தெரிந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துக் கொஞ்ச நேரம் வை. தெளிந்த தண்ணீர் என்றாலும் சொல்லிவைக்க வேண்டியதுதான், போன தடவையைவிட அதிகமாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் மண் படிந்தால் கரை உள்ளுக்குள் அரிக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே அதிகாரிகளுக்குப் போன் போடு. அப்புறம் கலிங்கையும் பார், அங்கே கட்டையும் சருகும் அடைத்திருந்தால் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பு. உங்கள் வீடு அணைக்கு மேலேயா கீழேயா என்று நான் இரண்டு தடவை கேட்டுவிட்டேன், அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

அன்புடன்,
அப்பா
கடலூர்